டிவைடிங் மெஸ்: ஒரு நாள் ரேட் எங்கே ஏறுது? பழைய ரெப்கள், செகரட்டரிகள் எழுதவும்

ரெப்_ஆகப்போறவன்

210 பேர் இருக்கிற ஆண்கள் விடுதி. டிவைடிங் சிஸ்டம்தான் (மாசச் செலவைச் சாப்பிட்டவங்களுக்குள்ளேயே பங்கு போடுறது), கான்ட்ராக்ட் கிடையாது. அடுத்த மாசம் மெஸ் கமிட்டி மாறுது, நான்தான் மாணவர் ரெப் ஆகப்போறேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டுற ரேட்டைப் பார்த்துத் திட்டத்தான் எல்லாருக்கும் தெரியும். அந்த எண் எப்படி வருதுன்னு கேட்டா ஆபீஸ்ல ஒரு பதில், ஸ்டோர்ல ஒரு பதில்.

ஹாஸ்டல்ல இருந்து மெஸ் ஓட்டின அண்ணன்கள், அக்காக்கள் ஞாபகம் இருக்கிறவரை விவரமா எழுதுங்க. முக்கியமா நாலு விஷயம்: கணக்கு எப்படிப் போடணும், சரக்கு இறங்கும்போது எதைப் பார்க்கணும், ஊருக்குப் போனவங்க சாப்பிடாத நாளை பில்லுல கழிக்கிற ரிடக்‌ஷனுக்கு என்ன விதி வைக்கணும், சமையலுக்கு எவ்வளவு எடுத்துக் குடுக்கணும். "நேர்மையா இருந்தா போதும்" வகை அறிவுரை வேண்டாம்.

ஸ்டோர்ரூம்_சாவி

கணக்கிலிருந்து ஆரம்பிப்போம் தம்பி. உங்க 210 பேரையே வெச்சு ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன். தொகையெல்லாம் உதாரணம்தான், முறையை மட்டும் பிடிச்சுக்குங்க.

30 நாள் மாசம். 210 × 30 = 6,300 சாப்பாட்டு நாள். இதுல ரிடக்‌ஷன் போட்டவங்க நாளையெல்லாம் கூட்டி, 640-னு வெச்சுக்குவோம், கழிச்சா 5,660. இதுதான் வகுக்கிற எண்.

இப்ப செலவு. மாத ஆரம்பத்துல ஸ்டோர்ல இருந்த சரக்கு 68,400. மாசத்துல வாங்கினது: மளிகை 1,85,000, காய்கறி 72,000, பால் தயிர் 1,05,000, கேஸ் 58,000. ஆக 4,20,000. ரெண்டும் சேர்ந்து 4,88,400. மாசக் கடைசியில எண்ணி எடை போட்ட மிச்சச் சரக்கு 52,700. அதைக் கழிச்சா தின்னது 4,35,700. கெஸ்ட் டோக்கன்ல வந்த 6,200, காலிச் சாக்கு டின் வித்த 1,300 இரண்டையும் கழிங்க. 4,28,200. இதை 5,660-ஆல வகுத்தா நாளுக்கு ரூ. 75.65.

சமையல்காரர் சம்பளம், துப்புரவு, கரண்ட், பாத்திரம் எல்லாம் இதுக்குள்ள வராது. அது எஸ்டாப்ளிஷ்மென்ட். அதைத் தலைக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. 1,26,000-னா 210-ஆல வகுத்து ரூ. 600. லீவுல போனவனும் இதைக் கட்டணும்.

ஆக, மாசம் முழுக்க இருந்தவன் பில் 2,869.50. பத்து நாள் ரிடக்‌ஷன் போட்டவன் பில் 2,113. இந்த ரெண்டு எண்ணையும் போர்டுல ரேட்டோட சேர்த்து ஒட்டுங்க. பாதிச் சண்டை குறையும்.

கெஸ்ட் டோக்கனை வகுக்கிற எண்ணுல சேர்க்காதீங்க. சில இடத்துல கெஸ்ட் நாளை எண்ணுலயும் கூட்டி, காசையும் கழிச்சு, ரேட்டை ரெண்டு பக்கமும் குறைச்சுக் காட்டுவாங்க. மாசக் கடைசியில கல்லாவுல துண்டு விழும்போதுதான் தெரியும்.

வைகைக்கரை

சாவி அண்ணன் சொன்னதுல எல்லாரும் கோட்டை விடுற இடம் அந்த 52,700. குளோசிங் ஸ்டாக், அதாவது மாசக் கடைசி மிச்சச் சரக்கு.

மூணு துவரம்பருப்பு மூட்டையை எண்ணாம விட்டா என்ன ஆகும்னு பாருங்க. 50 கிலோ மூட்டை, கிலோ 140 ரூபாய்னா மூணுக்கு 21,000. அதை 5,660-ஆல வகுத்தா நாளுக்கு ரூ. 3.71 கூடிடும். அடுத்த மாசம் அந்தப் பருப்பு ஓப்பனிங்ல (மாத ஆரம்ப ஸ்டாக்ல) இல்லாமலே அடுப்புக்குப் போகும், ரேட் அதே அளவு இறங்கும். ஒரு மாசம் தூக்கி மறு மாசம் இறங்கி, பிறகு மறுபடி தூக்குற ரேட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். விலைவாசி இப்படி மாசாமாசம் ஏறி இறங்காது. அதனால ரேட்டைப் பார்த்து சமையல்காரரைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி போன ரெண்டு மாச குளோசிங் லிஸ்டை எடுத்துப் பாருங்க.

இதை வேணும்னே பண்றதும் உண்டு. பொறுப்பை விட்டுப் போற ரெப், தன் மாச ரேட் நல்லா தெரியணும்னு குளோசிங்கை ஏத்தி எழுதிட்டுப் போவான். அரை மூட்டை முழு மூட்டையாகும், காலி டின் எண்ணெய் டின்னாகும். அடி வாங்குறது அடுத்த ரெப்.

மலைக்கோட்டை87

சரக்கு இறக்குறதைப் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல தராசு. பிளாட்ஃபார்ம் தராசோட நாலு மூலையிலயும் ஒரே எடைக்கல்லை வெச்சுப் பாருங்க. நாலும் ஒண்ணா காட்டணும். ஒரு மூலை மட்டும் 200 கிராம் தள்ளிக் காட்டினா லோடுசெல் (எடையை உணர்ற பாகம்) போயிடுச்சு, இல்லன்னா அடியில வெங்காயத் தோல் அடைச்சிருக்கு (இது கிண்டல் இல்ல, மெஸ் தராசுல சாதாரணமா நடக்கிறது). எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வேணும். தமிழ்நாட்டுல இதைத் தொழிலாளர் துறைதான் பார்க்குது. முத்திரை இல்லாத தராசுல எடை போட்டுட்டு வியாபாரிகிட்ட வாதாட முடியாது.

அடுத்து அரிசி. 2022 ஜூலையில 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததுல இருந்து ஆலைக்காரங்க 26 கிலோ மூட்டை போட ஆரம்பிச்சாங்க. ஸ்டாக் புத்தகத்துல இன்னும் "மூட்டை × 25" ன்னு பழைய பழக்கத்துல எழுதுற ஸ்டோர்கீப்பர் இருந்தா, 40 மூட்டைக்கு 40 கிலோ கணக்குல வராது. வராத சரக்கு எங்க போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மூட்டைக் கணக்கை விட்டுட்டுக் கிலோ கணக்கு எழுதுங்க.

சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல இருக்கும். பருப்பு, சர்க்கரை மூட்டையெல்லாம் சாக்கோட எடையா, சாக்கு நீங்கலாகவான்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிடணும்.

எண்ணெய் டின்னுல இதைவிடப் பெருசா ஏமாறுவாங்க. 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. 15 லிட்டர் எண்ணெய் எடை பார்த்தா 13.6 கிலோ சொச்சம்தான். ஒருத்தர் டின் 1,950, இன்னொருத்தர் 2,050-ன்னு கொட்டேஷன் குடுத்தா 1,950 மலிவுன்னு எடுத்துடக் கூடாது. முதல் டின் லிட்டர் டின், ரெண்டாவது கிலோ டின்னா இருந்தா ரெண்டாவதுதான் மலிவு. கிலோவுக்கு 143-க்கும் 137-க்கும் உள்ள வித்தியாசம்.

லேடீஸ்ஹாஸ்டல்_டைனிங்

காய்கறியையும் சேர்த்துக்குங்க. காலிஃபிளவர் இலையோட வாங்கினா எடையில ஒரு பெரும் பங்கு இலைக்கும் தண்டுக்கும் போயிடும். சின்ன வெங்காயம் மலிவா வருதேன்னு வாங்கினா உரிக்க ஆள் கிடையாது. கீரை நல்ல காய்தான், ஆனா 200 பேருக்கு ஆய ரெண்டு பேர் காலை முழுக்க உட்காரணும், அதனாலதான் பெரிய மெஸ்ல கீரை அபூர்வம். முட்டைகோஸும் பீட்ரூட்டும் திரும்பத் திரும்ப வர்றதுக்குக் காரணம் விலை மட்டும் இல்ல. நறுக்குற வேகம், ஒரு வாரம் தாங்குற குணம்.

பால் பாக்கெட்டுல கலர் பார்த்து வாங்குங்க. ஆவின்ல நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. காபி டீக்குப் பச்சைன்னு தீர்மானம் போட்டுட்டு, பில்லுல பச்சை விலை, கிரேட்ல நீலம்னு கலந்து வந்தா விடிகாலை இருட்டுல யாரும் பார்க்கிறதில்ல. கிரேட்டைக் கவுத்து எண்ணணும். உடைஞ்ச பாக்கெட்டை அப்பவே திருப்பணும், எட்டு மணிக்கு அப்புறம் எடுத்துக்க மாட்டாங்க.

ரெப்_ஆகப்போறவன்

அக்கா, ரிடக்‌ஷன்? எங்க இடத்துல இப்ப தொடர்ந்து அஞ்சு நாள் இருந்தாத்தான் உண்டு. பசங்க ரெண்டு நாளாக்கச் சொல்றாங்க, சனி ஞாயிறு ஊருக்குப் போறவங்களுக்காக.

மூன்றாம்பந்தி

ரெண்டு நாளாக்கணும். சாப்பிடாத சோத்துக்கு எதுக்குக் காசு? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுபது எழுபது பேர் பஸ் ஏறிடுறாங்க. அவங்களுக்கும் சேர்த்துச் சமைச்சுக் கொட்டுறதைவிட, எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொன்னா அரிசியாவது மிச்சமாகும்.

ஸ்டோர்ரூம்_சாவி

அதுல ஒரு நியாயம் இருக்கு, ஒரு அநியாயமும் இருக்கு. கன்னியாகுமரிக்காரனும் வெளி மாநிலத்துப் பையனும் வாராவாரம் ஊருக்குப் போக முடியாது. பக்கத்து ஊர்க்காரன் எட்டு நாள் கழிச்சுக்கிட்டா, பாக்கி இருக்கிறவன் தலையில கேஸ் செலவு ஏறும். ஏன்னா 210 பேருக்கு வெக்கிற அண்டாவை 140 பேருக்கு வெச்சாலும் கேஸ் மூணுல ஒரு பங்கு குறையாது.

வைகைக்கரை

சண்டையைத் தீர்க்க வழி இருக்கு. கேஸை நாள் கணக்கிலிருந்து எடுத்துத் தலைக் கணக்கில் போட்டுடுங்க.

மேல போட்ட கணக்கையே எடுப்போம். கேஸ் 58,000-ஐ 210-ஆல வகுத்தா தலைக்கு ரூ. 276.19. மிச்சம் 3,70,200 ÷ 5,660 = ரூ. 65.41. முழு மாசம் இருந்தவனுக்கு 1,962.30 + 276.19 + 600 = 2,838.49. முன்னால இருந்ததைவிட 31 ரூபாய் குறைவு. பத்து நாள் கழிச்சவனுக்கு 1,308.20 + 276.19 + 600 = 2,184.39. அவனுக்கு 71 ரூபாய் கூடுதல். இப்படி மாத்தினதுக்கு அப்புறம் ரெண்டு நாள் ரிடக்‌ஷன் குடுத்தாலும் ஊரிலேயே இருக்கிறவனுக்கு அதிகம் வலிக்காது.

லேடீஸ்ஹாஸ்டல்_டைனிங்

என் கருத்து: எத்தனை நாள் என்பதைவிட எப்போ சொல்றாங்க என்பதுதான் முக்கியம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ரிடக்‌ஷன் நோட்டுல கையெழுத்து இருந்தா ஸ்டோர்ல இன்டென்ட் (சமையலுக்கு எடுத்துக் குடுக்கிற சரக்குச் சீட்டு) குறைச்சு எழுதலாம். ஊருக்குப் போனபிறகு ரூம்மேட்டுக்கு மெசேஜ் அனுப்பி "எழுதிடு"ன்னா அரிசி ஏற்கெனவே கழனித் தண்ணியில கிடக்கும். அதனால முன்தேதி போட்ட ரிடக்‌ஷனை டெபுடி வார்டன் சொன்னாலும் ஏத்துக்காதீங்க. உடம்பு சரியில்லாம திடீர்னு போறவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

நோட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், பக்கத்துக்கு நம்பர் போட்டு. தினமும் ஆறு மணிக்குக் கோடு போட்டு, "நாளை: 168" ன்னு கீழ எழுதி ரெப் கையெழுத்து. அந்த 168 சமையலறைக் கரும்பலகைக்குப் போகணும். நோட்டுல இருக்கிற எண் பலகைக்கு வராத மெஸ்ல, பில்லுல மட்டும் ரிடக்‌ஷன் கழியும், சமையல் எப்பவும்போல 210-க்கே நடக்கும். ரேட் ஏற இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ரிடக்‌ஷன் போட்டுட்டு ரூம்லயே இருந்து ராத்திரி வந்து சாப்பிடுறவங்க எல்லா ஹாஸ்டல்லயும் உண்டு. அன்னன்னிக்கு ரிடக்‌ஷன்ல இருக்கிற ரூம் நம்பரைத் தட்டு எடுக்கிற இடத்துல ஒட்டிடுங்க. பேர் வேண்டாம், ரூம் நம்பர் போதும்.

அண்டா_கரண்டி

சமையலுக்கு எவ்வளவுன்னு கேட்ட தம்பிக்கு. பசங்க மெஸ் அளவு இது. பெண்கள் விடுதிக்கு அரிசியில கால் பங்கு குறைச்சுக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 150 கிராம் புழுங்கலரிசி. 210 பேர் மெஸ்ல மதியம் உண்மையில் உட்காருறது 190-தான்னா 28.5 கிலோ. எப்பவும் ரெண்டு ஈடா வைங்க. முதல் ஈடு 20 கிலோ, கூட்டம் எப்படி வருதுன்னு பார்த்துட்டு ரெண்டாவது. மொத்தத்தையும் ஒரே தடவை வடிச்சு வெச்சா கடைசிப் பந்திக்குச் சோறு விறைச்சுப் போகும், மீந்ததை என்ன செய்யறதுன்னு முழிக்கணும்.

சாம்பாருக்கு ஆளுக்கு 22 கிராம் துவரம்பருப்பு. 210-க்கு 4.6 கிலோ. புளி 1.2 கிலோ, சாம்பார் பொடி 900 கிராம். பருப்பு 15 கிராமுக்குக் கீழ போனா அது சாம்பார் இல்ல, மஞ்சள் தண்ணி. புளியையும் பொடியையும் கூட்டி அதை மறைக்கப் பார்ப்பாங்க. அப்பதான் நெஞ்செரிச்சல்.

இட்லி ஆளுக்கு நாலுன்னா 840. நடுத்தரக் குழித் தட்டுல ஒரு கிலோ இட்லி அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் 45-லிருந்து 50 இட்லி வரும். ஆக அரிசி 18, உளுந்து நாலரை. இதுல உளுந்துதான் கணக்கைக் கெடுக்கும். பழைய உளுந்து பொங்காது. மாவு அளவு குறையும், சமையல்காரர் தண்ணி விட்டு ஈடு கட்டுவார், இட்லி தட்டையா வரும். புது மூட்டை பிரிச்சதும் கால் கிலோ ஊறப்போட்டு மிக்ஸியில அரைச்சுப் பாருங்க. தண்ணியில ஒரு துளி போட்டா மிதக்கணும்.

சப்பாத்தி ஆளுக்கு நாலு, ஒண்ணுக்கு 30 கிராம் மாவுன்னா 25 கிலோ கோதுமை மாவு. மாவை விட ஆள்தான் பிரச்சினை. 840 சப்பாத்தியைத் தேய்ச்சுச் சுட நாலு பேர் ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கணும். சீக்கிரம் சுட்டு ஹாட்பேக்குல அடைச்சா ஆவி தண்ணியா இறங்கி அடிச் சப்பாத்தி கூழாகும், மேல இருக்கிறது அப்பளமாகும். மூங்கில் கூடையில துணி விரிச்சு அடுக்கி, பந்திக்கு அரை மணி முன்னாடி மட்டும் சுட ஆரம்பிக்கணும். முடியலைன்னா வாரம் ஒரு நாளோட நிறுத்திக்குங்க.

மூன்றாம்பந்தி

பருப்பு வேகாம சாம்பார்ல மணி மணியா நிக்குதே, அதுக்கு மருந்து?

அண்டா_கரண்டி

மூணு காரணம். ஒண்ணு, போர் தண்ணி. உப்புத் தண்ணியில பருப்பு லேசுல வேகாது. சமையலுக்கு மட்டும் நல்ல தண்ணி லைன் பிரிச்சு வாங்குங்க. ரெண்டு, பருப்பு முழுசா மசியறதுக்கு முன்னாடி புளியைக் கரைச்சு ஊத்துறது. புளிப்பு ஏறினதும் பருப்பு அதுக்கப்புறம் வேகாது, எவ்வளவு கேஸ் எரிச்சாலும். மூணு, வருஷக்கணக்கா கிடந்த பருப்பு. வெந்நீர்ல அரை மணி ஊறப்போட்டு வேகவெச்சா முதல் காரணத்தையும் மூணாவதையும் ஓரளவு சமாளிக்கலாம். ஆப்ப சோடா போடச் சொன்னா ஒத்துக்காதீங்க, நிறமும் வாசனையும் போயிடும்.

மலைக்கோட்டை87

மீந்த சோத்தைப் பத்திச் சொல்லிடுங்க. ராத்திரி மிச்சம் காலையில புளியோதரை ஆகுற மெஸ் நிறைய.

அண்டா_கரண்டி

அது ஆபத்து. சோறு அண்டாவுல மூடி வெதுவெதுப்பா ராத்திரி முழுக்க இருந்தா பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வளரும். அது விடுற நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தாளிச்சுக் கொட்டி லெமன் சாதம்னு பேர் வெச்சாலும் அது அப்படியேதான் இருக்கும். காலையில எட்டு மணிக்குச் சாப்பிட்டு பதினொரு மணிக்குள்ள பாதி ஹாஸ்டல் வாந்தின்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குறைச்சு வடிக்கிறதுதான் வழி. மீந்தா அன்னிக்கே வெளியேத்திடுங்க.

பூரி எண்ணெயும் அப்படித்தான். எண்ணெய்ல போலார் பொருள்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேருற கழிவு) 25 சதவீதத்தைத் தாண்டினா சமையலுக்கு ஆகாதுன்னு 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கு. மெஸ்ல அதை அளக்கக் கருவி இருக்காது. கண்ணால பார்க்கலாம்: பூரி போட்டதும் நுரை சட்டி விளிம்பு வரை பொங்கி அடங்காம நின்னா அந்த எண்ணெயை மாத்துங்க. இன்டென்ட்ல "எண்ணெய் 8 கிலோ" ன்னு மட்டும் எழுதாம, பொரிச்ச பிறகு திரும்ப எவ்வளவு வந்ததுன்னும் எடை போட்டு எழுதுங்க. அந்தத் திரும்பின எண்ணெய்தான் எந்தக் கணக்கிலும் வராம சுத்தும்.

பேரூர்ப்பாலம்

ஞாயிறு சிக்கனைப் பொதுக் கணக்குல போடலாமா, தனியாவா? யாருமே தொடலையே.

மூன்றாம்பந்தி

பொதுதான். சைவப் பசங்களுக்குப் பனீர் குடுக்குறோம்ல. தனித்தனியா பிரிச்சா மெஸ்ஸே ரெண்டாகும்.

வைகைக்கரை

கணக்கைப் பாருங்க. 210-ல 150 பேர் அசைவம். உரிச்ச கோழி ஆளுக்கு 160 கிராம்னா 24 கிலோ, நாலு ஞாயிறுக்கு 96 கிலோ. கிலோ 240-னா 23,040. இதைப் பொதுவுல போட்டா நாளுக்கு ரூ. 4.07 ஏறும். மாசம் முழுக்க இருக்கிற சைவப் பையன் 122 ரூபாய் கோழிக்காகக் கட்டுறான். அவனுக்குக் குடுக்கிற பனீர் 60 பேருக்கு ஆளுக்கு 70 கிராம், 4.2 கிலோ, கிலோ 350-னா ஞாயிறுக்கு 1,470, மாசத்துக்கு 5,880. அதாவது தலைக்கு 98 ரூபாய் பொருள். கேட்டா வித்தியாசம் சின்னதுன்னு தோணும். ஆனா அந்த 5,880-ஐயும் எல்லாருமா சேர்ந்துதான் கட்டுறாங்க, அதுல அவன் பங்கும் இருக்கு.

தனியாப் போட்டா, 23,040-ஐ 600 பிளேட்டால வகுத்து பிளேட்டுக்கு ரூ. 38.40. மசாலா எண்ணெய் சேர்த்து டோக்கன் 45-னு வெக்கலாம். டோக்கனை சனிக்கிழமை மதியத்துக்குள்ள விக்கணும். அப்பதான் எத்தனை கிலோ வாங்கணும்னு தெரியும்.

லேடீஸ்ஹாஸ்டல்_டைனிங்

டோக்கன் முறைக்குத்தான் நானும். கோழியை உயிர் எடையில வாங்காதீங்க. உரிச்சுச் சுத்தம் பண்ணினா மூணுல ஒரு பங்கு கிட்டத்தட்ட போயிடும். முட்டைக்கும் அதே டோக்கன். ஒரு அட்டைக்கு 30, தட்டை எண்ணினா போதும், ஆனா கீறல் விட்ட முட்டையை அப்பவே தனியா எடுத்து வைக்கணும். அவிக்கும்போது அது வெடிச்சு மத்த தண்ணியையும் கெடுக்கும். நாமக்கல் விலை தினமும் வெளியாகுது, சப்ளையர் பில்லை அந்தத் தேதி விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கு மேல வண்டிக் கூலி எவ்வளவுன்னு முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும்.

பேரூர்ப்பாலம்

ஸ்டடி ஹாலிடேஸ்ல மட்டும் ரேட் எகிறுறதும் கேஸ் கதைதானே?

ஸ்டோர்ரூம்_சாவி

அதேதான். 210 பேர் இருக்கும்போது நாளுக்கு 2,000 ரூபாய் கேஸ்னா ஆளுக்கு 9.50. அறுபது பேராகும்போது 1,100-க்குக் கீழ இறங்காது, ஆளுக்கு 18.30. மாஸ்டரும் அறுபது பேருக்குச் சமைச்சுப் பழகினவர் இல்ல, கை தாராளம். தலை 80-க்குக் கீழ போனா ஒரு மெஸ்ஸை மூடிட்டுப் பக்கத்து பிளாக் மெஸ்ஸோட சேர்த்துடணும். சேர்க்கிற அன்னிக்கு ரெண்டு ஸ்டோருக்கும் தனித்தனியா குளோசிங் எடுக்கணும். சரக்கு கைமாறினா அதை வாங்கின கணக்கா, விலை போட்டு, ரெண்டு புத்தகத்துலயும் எழுதணும். "நம்ம ஹாஸ்டல்தானே"ன்னு விட்டா செமஸ்டர் திறந்ததும் ரெண்டு செகரட்டரிக்கும் பேச்சு வார்த்தை இருக்காது.

மலைக்கோட்டை87

ரேட் ஏற இன்னொரு காரணம் யாரும் எழுதல: வியாபாரிக்குப் பாக்கி. ஆபீஸ்ல செக் போட ரெண்டு மாசம் ஆகுற ஹாஸ்டலுக்குக் கொட்டேஷனே கிலோவுக்கு ரெண்டு மூணு ரூபாய் ஏத்தித்தான் வரும். அது அவங்க வட்டி. பசங்க மெஸ் பில் கட்டாம இழுக்க, ஆபீஸ் செக்கை இழுக்க, சரக்கு விலை ஏற, பில் ஏறன்னு சுத்திக்கிட்டே இருக்கும். செமஸ்டர் ஆரம்பத்துல வாங்குற மெஸ் அட்வான்ஸ் இதுக்காகத்தான். அதை வேற வேலைக்கு எடுக்க விடாதீங்க. பாக்கி வெச்சவங்களை நோ டியூஸ் (பாக்கி இல்லைன்னு சான்று) வாங்குற சமயத்துல பிடிக்கலாம்னு காத்திருக்கிறது வசூலுக்கு உதவும், விலையைக் குறைக்க உதவாது.

விறகு அடுப்பு இருந்த நாள்ல சவுக்கு டன் கணக்குல வாங்குவாங்க. மழைக்காலத்துல ஈர விறகுக்கு எடை அதிகம், எரிச்சல் குறைவு, ரெண்டு பக்கமும் நஷ்டம். இப்ப 19 கிலோ வணிக சிலிண்டர். அதுலயும் எடை போட்டுத்தான் இறக்கணும். சிலிண்டர் மேலயே காலி எடை அடிச்சிருக்கும். நிறைஞ்சதோட எடையில அதைக் கழிச்சா 19 வரணும். திருப்பி அனுப்பும்போதும் எடை பாருங்க. வேகம் குறைஞ்சதும் மாத்திடுறாங்க, உள்ள ஒரு கிலோ ரெண்டு கிலோ தங்கியே போகும்.

பேரூர்ப்பாலம்

இவ்வளவு பாடுபட்டு 75 ரூபாய். அரசு நலத்துறை கல்லூரி விடுதிகள்ல (இப்ப சமூகநீதி விடுதின்னு பேர்) ஒரு மாணவருக்கு மாச உணவுப் படி 2023-ல 1,100-லிருந்து 1,500 ஆச்சு. நாளுக்கு 50 ரூபாய். அங்க காப்பாளர் எப்படிச் சமாளிக்கிறார்னு யோசிச்சா நம்ம மெஸ் பேச்செல்லாம் சொகுசு.

மூன்றாம்பந்தி

அதுக்குப் பேசாம கான்ட்ராக்டே விடலாம். நிலையான ரேட், தலைவலி இல்ல.

லேடீஸ்ஹாஸ்டல்_டைனிங்

கான்ட்ராக்ட்ல ரேட் நிலையா இருக்கும், பருப்பு நிலையா இருக்காது. லாபம் அளவைக் குறைக்கிறதுல இருந்துதான் வரணும். டிவைடிங்ல வேற கோளாறு: நான் தட்டுல கொட்டுறதோட செலவு 210 பேருக்குப் பங்காகிடுது, எனக்கு உறைக்காது. ஆளுக்கு 60 கிராம் கொட்டினா ஒரு வேளைக்கு 12.6 கிலோ. தட்டு கழுவுற இடத்துல வாளியை எடை போட்டு, "நேற்று இரவு: 12 கிலோ" ன்னு பலகையில எழுதினாலே சில நாள்ல குறையும். திட்டி நோட்டீஸ் ஒட்டினா குறையாது.

ரெப்_ஆகப்போறவன்

கடைசியா ஒரு கேள்வி. பொறுப்பு எடுத்துக்கிற அன்னிக்கு எப்படி ஸ்டாக் எடுக்கணும்?

ஸ்டோர்ரூம்_சாவி

30-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு, மறுநாள் காலைக்கு இன்டென்ட் எடுத்துக் குடுக்கிறதுக்கு முன்னாடி. ஊறப்போட்ட அரிசி உளுந்தை அன்னிக்குச் செலவாவே எழுதிடுங்க. பழைய ரெப், புது ரெப், ஸ்டோர்கீப்பர் மூணு பேரும் இருக்கணும். பிரிக்காத மூட்டையையும் எடை போடணும். கடைசி வரிசை மூட்டையைக் கையால தள்ளிப் பாருங்க, பின்னாடி காலியா அடுக்கி முன்னாடி மட்டும் நிறைஞ்சிருக்கலாம். பெருங்காயம், ஏலக்காய், முந்திரி, நெய் சின்னத் தராசுல. விலை போடும்போது கடைசியா வாங்கின பில் விலை, ஓப்பனிங் விலை இல்ல. சிலிண்டர்ல முழுசு எத்தனை, பாதி எத்தனைன்னு தனி வரி.

மூணு பேர் கையெழுத்து, ரெண்டு பிரதி. ஒண்ணு ஆபீஸ்க்கு, ஒண்ணு உங்க கையில. ஸ்டோருக்கு ரெண்டு பூட்டு இருக்கணும், ஒரு சாவி ஸ்டோர்கீப்பர்கிட்ட, ஒரு சாவி உங்ககிட்ட. பழைய ரெப்கிட்ட இருந்து சாவியை வாங்கின பிறகும் உங்க பூட்டை மாத்திடுங்க. அறுபது எழுபது ரூபாய் பூட்டு வேண்டாம், கொஞ்சம் நல்லதா வாங்குங்க, எஸ்டாப்ளிஷ்மென்ட்ல எழுதிக்கலாம்.